படியாள் வீடும் கணக்கெடுப்பும்

1861இல் ஸ்காட்லாந்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு புதுக் கேள்வி சேர்ந்தது. வீட்டில் சன்னல் உள்ள அறைகள் எத்தனை? கணக்கெடுப்பாளர் டண்டீயிலோ பெய்ஸ்லியிலோ ஒரு சந்துக்குள் நுழைகிறார். குடும்பத் தலைவர் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள், மூலையில் வாடகைக்குப் படுத்திருக்கும் ஆள், ஒவ்வொருவருக்கும் வயது, தொழில், பிறந்த ஊர் என்று எழுதுகிறார். கடைசியில் சன்னலையும் எண்ணுகிறார். எண்ணி முடித்தபோது தெரிய வந்தது: ஸ்காட்லாந்து வீடுகளில் 34 சதவீதம் ஒற்றை அறை. இன்னொரு 37 சதவீதம் இரண்டு அறை.

இந்தத் தாள்கள் அங்கே இருக்கின்றன. நூறு வருஷம் கழித்துப் பொதுப் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1855இல் தொடங்கிய பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளும் இருக்கின்றன. தாய் பிறந்த வீட்டுப் பெயர்கூட அவற்றில் உண்டு. இவற்றை வைத்துக்கொண்டு ஒரு சால்வை நெசவாளி வீட்டில் யார் எந்த வயதில் தறிக்குப் போனார்கள், எந்தக் குழந்தை எதில் செத்தது, எந்த வருஷம் எந்தச் சந்துக்கு மாறினார்கள் என்று அந்த ஊர் வரலாற்றாளர்கள் எழுதிவிடுகிறார்கள். படித்தபோது எனக்கு வந்தது பொறாமை. அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையில் பொறாமைப்பட ஒன்றுமில்லை. ஒற்றை அறை, ஓட்ஸ் கஞ்சி, பஞ்சுத் தூசி. டண்டீ ஆலைகளில் வங்காளத்துச் சணலை நூற்ற பெண்கள் சம்பாதித்துக் கொடுக்க, வேலை கிடைக்காத ஆண்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்ட கதையும் அதில் இருக்கிறது. அந்த ஏழ்மைக்கு ஒரு எழுத்து இருக்கிறதே, அதில்தான் பொறாமை.

அதே 1861இல் விழுப்புரம், திண்டிவனம் தாலுக்காக்களில் ஒரு உழைக்கும் குடும்பத்தின் வீட்டை இப்படி எழுத முடியுமா? இந்தக் கேள்வியோடு சில காலம் சுற்றினேன். நம் மாவட்டத்து ஊர் வரலாறுகளைப் புரட்டினால் செஞ்சிக் கோட்டை வரும், தேசிங்கு ராஜன் வருவான், கோயில் கல்வெட்டு வரும். கூரை வீடு வராது.

சென்னை மாகாணத்தில் ஒழுங்கான முதல் கணக்கெடுப்பு 1871இல் நடந்தது. கார்னிஷ் எழுதிய அறிக்கை தடிமனானது. ஆனால் நமக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டும். தாலுக்காவுக்கு எத்தனை வீடு, எத்தனை பேர், எந்தச் சாதி எவ்வளவு. கீழே வீடு வீடாக எழுதிய தாள் இல்லை. 1878இல் கார்ஸ்டின் எழுதிய தென்னார்க்காடு கையேடு, 1906இல் பிரான்சிஸ் எழுதிய கெசட்டியர், இரண்டிலும் உழைப்பாளி ஒரு வகையினமாகத்தான் வருகிறான். 'இவர்கள் இப்படி உண்பார்கள், இப்படி உடுப்பார்கள்' என்ற பன்மைக்குள் ஒரு வீடும் தனியாகத் தெரியாது.

எழுத்தே இல்லாத ஊர் என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. எழுத்து ஏராளமாக இருந்தது. கிளாஸ்கோவில் 1761இல் பிறந்து 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ ஊன்றிவிட்டுப் போன ரயத்துவாரி முறை காகிதத்தில் நிற்கும் முறை. பட்டா, சிட்டா, அடங்கல் என்று வருஷா வருஷம் கர்ணம் எழுதினார். நிலத்துக்கு எண் உண்டு, பட்டாதாரருக்குப் பெயர் உண்டு. ஏர் பிடித்தவனுக்கு இரண்டும் இல்லை. ஒரு ஸ்காட்லாந்துக்காரர் உருவாக்கிய பதிவேட்டில் வரப்பு விழுந்தது, ஆள் விழவில்லை என்பதை வெறும் முரண்நகையாக எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. எதைப் பதிவது என்பதை வரி தீர்மானித்தது. வரி கட்டாதவனை எழுத வேண்டிய தேவை சர்க்காருக்கு இல்லை. ஆண்டைக்கோ எழுதாமல் இருப்பதுதான் வசதி.

படியாள் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படியளந்து வைத்துக்கொள்ளும் ஆள். தமிழ் படித்தவன் என்பதால் சொல்லில் தொடங்குவது என் கெட்ட பழக்கம். ஆனால் இந்தச் சொல் உண்மையிலேயே நிறையச் சொல்கிறது. கூலி என்றால் வேலைக்கு. படி என்றால் வயிற்றுக்கு. கூலிக்காரனுக்கு வேலை முடிந்தால் உறவு முடிந்தது. படியாளுக்கு முடிவதில்லை. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சொற்பக் கடன் முதலில் வரும், ஆள் அதற்கு ஈடாக நிற்பான். வருஷம் முழுக்க வேலை, அதற்கு மாதாமாதம் தானியம், பொங்கலுக்கோ தீபாவளிக்கோ துணி, அறுவடையில் களத்தில் கொஞ்சம். கடன் குறையாது. அப்பன் செத்தால் மகன் நிற்பான். 1843இல் அடிமை முறையைச் சட்டம் ஏற்க மறுத்தது. 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஆளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆளை வாங்காமல் கடனை வாங்கினால்? சட்டம் அந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்த ஒரு சந்தர்ப்பம் நம் பக்கத்திலேயே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தன் மாணவர்களைக் கேள்வித்தாளோடு கிராமங்களுக்கு அனுப்பினார். 1918இல் அது 'சில தென்னிந்திய கிராமங்கள்' என்று புத்தகமானது. அதில் ஒரு கிராமம் இருவேல்பட்டு. விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துபோகும் ஊர். அதன்பிறகு அங்கே ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1930களில் தாமஸும் இராமகிருஷ்ணனும், 60களில் ஹாஸ்வெல், 80களின் தொடக்கத்தில் குஹனும் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ். உலகத்தில் இத்தனை முறை எண்ணப்பட்ட கிராமங்கள் அதிகம் இருக்காது. ஒரு பெரிய ரெட்டியார் வீடு, அதைச் சுற்றி ஊரும் சேரியும் என்பது 1916இன் சித்திரம். கடைசியாகப் போனவர்கள் கண்டதில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டிருந்தது.

1916 பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆகுமா என்று கேட்கலாம். கடன் தாத்தன் காலத்தது என்னும்போது கணக்கு 1860களுக்குத்தானே போகிறது. அந்த அர்த்தத்தில் ஸ்லேட்டர் மாணவர்கள் பார்த்தது பழைய நூற்றாண்டின் மிச்சத்தைத்தான். அவர்கள் குறித்து வைத்த ஒரு செய்தி என்னை நிறுத்தியது. அந்த ஊரில் படியாட்கள் பறையர்களில் மட்டும் இல்லை. பள்ளிகளிலும் இருந்தார்கள்.

பள்ளி என்றால் இன்றைய வன்னியர். நான் அந்தச் சாதியில் பிறந்தவன். 1871 கணக்கெடுப்பில் தங்களை க்ஷத்திரியர் என்று பதிய வேண்டும் என மனு கொடுத்ததிலிருந்து எங்கள் சாதியின் அச்சு வரலாறு தொடங்குகிறது. சம்புவராயர், பல்லவர், அக்கினி என்று அது மேலே மேலே போகும். படியாளாக நின்ற வீடு அதில் வராது. வந்தால் பக்கத்துச் சேரி வீடும் கூடவே வந்துவிடும். இரண்டு வீடும் ஒரே மரக்காலில் தானியம் வாங்கியது தெரிந்துவிடும்.

அப்பாவைப் பெற்ற ஆயாவிடம் கேட்டேன். திண்டிவனம் பக்கத்துக் கிராமம். எண்பத்தைந்து வயது இருக்கும். நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்: நான் கேட்டது அவருடைய தாத்தா வீட்டைப் பற்றி. அந்த வீட்டை அவர் குழந்தையாகப் பார்த்திருக்கிறார்.

"எங்க தாத்தன் ரெட்டியார் பண்ணையில படி வாங்கனவரு. மாசத்துக்கு இம்மாங் கம்பு, இம்மாங் கேவுருன்னு பேச்சு. குடுக்குற மரக்கா வேற, வாங்குற மரக்கா வேற. அவங்க மரக்காலுக்கு நம்ம வீட்டுப் படியால எட்டுப் படி வராது."

ஒரு மரக்காலுக்கு எட்டுப் படி, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆயா சொல்வது வேறு கணிதம். அளவையும் அதிகாரமும் பற்றி மேற்கில் எழுதியிருக்கும் அத்தனையையும் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் என்னென்ன இருந்தது? ஒரு கொட்டாய். மண்சுவர், பனை ஓலைக் கூரை. மூணு கல் அடுப்பு. கூழ்ப்பானை ஒண்ணு, சட்டி ரெண்டோ மூணோ, அகப்பை. முறம். உலக்கை சொந்தம், உரல் நாலு வீட்டுக்கும் பொது. கோரைப்பாய் ஒண்ணு, மற்றவர்களுக்குக் கோணி. துணி போட ஒரு கொடிக்கயிறு, அதில் தொங்க அதிகம் துணி கிடையாது. மாடத்தில் ஆமணக்கெண்ணெய் விளக்கு. சன்னல் இருந்ததா ஆயா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "கதவே இல்ல, படல்தான். இதுல சன்னலு எதுக்கு?"

இந்தப் பட்டியலை டண்டீ வீட்டுப் பட்டியலோடு ஒப்பிடுவது எளிது. அப்படி ஒப்பிட்டு முடித்துக்கொண்டால் தவறிவிடும். ஸ்காட்லாந்து நகரத்தில் தொழிலாளி வீடு எவ்வளவு கேவலமாக இருந்தாலும், வாடகை கொடுத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அது ஆலைக்கு வெளியே. குடும்பம், தனிவெளி, வீட்டுவரவு செலவு என்ற கருத்தாக்கங்கள் எல்லாம் அந்தக் கதவை நம்பி எழுந்தவை. படியாள் வீட்டுக்குக் கதவும் இல்லை, இந்தக் கருத்தாக்கங்களும் பொருந்தாது. மனைவி விடிவதற்குள் ஆண்டை மாட்டுக் கொட்டகையில் சாணி வாரப் போகிறாள். மூத்த பையன் மாடு மேய்க்கிறான். அதற்குத் தனிக் கூலி கிடையாது. ஆள் ஒருவன் என்றுதான் பேச்சு, உழைப்பது குடும்பம். பண்ணையின் ஒரு மூலை இந்த வீட்டுக்குள்ளே கிடக்கிறது. 'குடும்பம்' என்ற அலகை வைத்து இந்த வரலாற்றை எழுதத் தொடங்கினாலே பாதி உண்மை போய்விடும்.

அந்த மண்ணும் அவர்களுடையது இல்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி எழுதிய அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். எல்லோரும் அதைப் பஞ்சமி நிலத்தோடு சேர்த்துத்தான் பேசுகிறோம். 1892இல் அரசு நிலம் ஒதுக்கி ஆணை போட்டது அதன் தொடர்ச்சி என்பதால் அது சரிதான். ஆனால் அறிக்கையின் உயிர் குடியிருப்பு மனையில் இருக்கிறது. குடிசை நிற்கும் இடத்துக்கு மிராசுதாரர் உரிமை கொண்டாடுகிறார். சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் வெளியே போ. ரூபா விஸ்வநாத் 2014இல் வந்த தன் புத்தகத்தில் இதைத் துருவி எழுதியிருக்கிறார். இதை 'சாதுவான அடிமைத்தனம்' என்று பார்க்கப் பழகிய அதிகாரிகள், சேரி மனையைக் கேள்வி கேட்டால் கிராமத்து ஒழுங்கே குலையும் என்று பயந்த விதத்தைக் காட்டுகிறார். குடியிருப்பு மனையைக் குடியிருப்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. ஸ்காட்லாந்தில் சன்னலை எண்ணி 110 வருஷம் கழித்து.

இங்கே ஒரு விநோதம். திரமென்ஹீர் காலத்தில் பறையர் நிலத்துக்காக அரசை விடாமல் நச்சரித்தவர்களில் ஒருவர் ஆடம் ஆண்ட்ரூ, செங்கல்பட்டில் இருந்த ஸ்காட்லாந்து சுயேச்சைச் சபைப் பாதிரியார். அவர் உண்டாக்கிய குடியேற்றத்தின் பெயர் மெல்ரோசாபுரம். மெல்ரோஸ் ஸ்காட்லாந்தில் ஒரு சிறு நகரம். மதமாற்றக் கணக்கு அவருக்கு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் வீட்டு மனை என்ற இடத்தில் சரியாகக் கை வைத்தார். நம் தேசியவாதப் பத்திரிகைகள் அந்த இடத்தைத் தொடவில்லை.

படியாள் முறையில் பாதுகாப்பு இருந்தது, பஞ்சத்தில் ஆண்டை சோறு போட்டான் என்று வாதிடுகிறவர்கள் இன்றும் உண்டு. எங்கள் உறவினர்களிலேயே உண்டு. 1876-78 பஞ்சத்தைக் கொஞ்சம் படித்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கத்தில், 'அரை நிலப்பிரபுத்துவம்' என்ற பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பூட்டிய இடதுசாரி எழுத்திலும் எனக்குத் திருப்தி இல்லை. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே நிலமற்ற உழைப்பாளர் இங்கே பெரும் தொகையாக இருந்ததையும், அவர்கள் குறிப்பிட்ட சாதிகளாக இருந்ததையும் தர்மா குமார் 1965லேயே எழுதிவிட்டார். பெட்டி அதற்குப் பிறகும் அப்படியே இருந்தது.

கருவூலத்தில் இல்லாத வீடு இலக்கியத்தில் இருக்கிறதா? இருக்கிறது, எதிர்பாராத இடத்தில். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவார் புராணத்தில் ஆதனூர்ப் புலைச்சேரியை வருணிக்கும் பாட்டுகளைப் பக்திக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்துப் பாருங்கள். கூரைமேல் சுரைக்கொடி. நாய்க்குட்டிகள். மரத்தடியில் தோலில் படுத்துத் தூங்கும் குழந்தை. புதைத்த பானைக்குள் அடைகாக்கும் கோழி. மாமரத்தில் தொங்கும் பறை. எந்தக் கெசட்டியரையும்விட நெருக்கமான கணக்கெடுப்பு. சேக்கிழார் அதிகாரியாக இருந்தவர் என்ற மரபு நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சேரியில் ஆண்டை இல்லை. ஆண்டையைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவருடைய நந்தனுக்குச் சிதம்பரம் போக வேதியரிடம் உத்தரவு வேண்டும். நாற்பது வேலியை ஒரே இரவில் அறுத்து முடித்தால் போகலாம் என்பது நிபந்தனை. அந்தக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது. தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த அதே காலம். சட்டப் புத்தகம் அடிமை இல்லை என்றது. கதாகாலட்சேபத்தில் ஜனங்கள் படியாள் லீவு கேட்டதற்காக அழுதுகொண்டிருந்தார்கள்.

அதே காலத்தில்தான் கப்பலும் புறப்பட்டது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. அங்கிருந்து 1911 வரை 152,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள், மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. அந்தக் கப்பல் பட்டியல்களைப் பார்த்திருக்கிறேன். நான் தேடியது அங்கே இருந்தது! பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. தென்னார்க்காடு என்று வருகிறது. நம் தாலுக்காக்கள் வருகின்றன, எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒரு விதம். ஊரில் நூறு வருஷம் உழைத்தாலும் ஏறாத பெயர், ஊரை விட்டு ஓடியதும் ஏறிவிட்டது. ஓடினால் பிடிக்க வேண்டுமே, அதற்குத்தான் தழும்பு வரைக்கும். இங்கேயும் வீடு கிடையாது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதம் வைத்து ஆள் சேர்த்தார்கள். குடும்பமாகப் போனவர்களும் தனித்தனி எண்ணாகத்தான் ஏறினார்கள். டண்டீக்காரனின் தாளில் வீடு முழுசாக இருக்கிறது. நம்முடையது உடைந்த பிறகே தாளுக்கு வருகிறது.

போகாதவர்களுக்கு வேறொன்று வந்தது. மணிலாக்கொட்டை. எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மேட்டு நிலங்களில் பரவி, புதுச்சேரி வழியாக மார்செய்க்கு எண்ணெய்க்காகப் போனது. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் ஓடத் தொடங்கியது. கொட்டை உடைக்கப் பெண்களுக்கு அளந்து கூலி. கையில் கொஞ்சம் காசு. ஆயாவின் அப்பா அந்தக் காசில்தான் ரெட்டியார் கடனை அடைத்து, ஒரு ஏக்கர் கொல்லி வாங்கினாராம். அதே மல்லாட்டையால் சேரியில் யாரும் கொல்லி வாங்கினார்களா என்று கேட்டேன். "அவங்களுக்கு யாரு விப்பா?" என்றார் ஆயா, இதென்ன கேள்வி என்பதைப் போல.

படியாள் சொல் போய்விட்டது. முன்பணம் என்ற சொல் இருக்கிறது. 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபிறகும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டிலும் குடும்பம் குடும்பமாக இருளர்கள் மீட்கப்பட்ட செய்தி இந்த மாவட்டத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. 1996இல் திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கொத்தடிமை மீட்போடு சாதிச் சான்றிதழுக்காகவும் மனைப்பட்டாவுக்காகவும் வருஷக்கணக்காக மனு எழுதியது. பெயரும் மனையும். 1891இல் தொடங்கிய மனுவின் அடுத்த பக்கம்.

ஆயாவிடம் இன்னொரு நாள் பேசியபோது தற்செயலாக வந்தது இது. ஒரு ஏக்கர் இரண்டு ஏக்கரானதும் அவர் அப்பா மாடு மேய்க்கச் சேரியிலிருந்து ஒரு பையனை வைத்துக்கொண்டார். 1950கள். பையனின் அப்பன் வாங்கிய கடனுக்கு. கொட்டகையிலேயே படுத்துக்கொள்வான், பின்பக்கம் உட்கார்ந்து கூழ் குடிப்பான், அவனுக்கென்று ஒரு கொட்டாங்கச்சி. நாலைந்து வருஷம் இருந்தானாம்.

"அவன் பேரு என்ன ஆயா?"

யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். "பேரா... டேய்ன்னுதான் கூப்புடறது." பிறகு, ஏதோ ஈடு செய்வதைப் போல, மாடுகளைச் சொல்ல ஆரம்பித்தார். மயிலை ஒண்ணு, செவலை ஒண்ணு, கன்னு போட்டது லட்சுமி, முட்டுறது ஒண்ணு இருந்தது, அது பேரு காவேரி.